முகம் திருப்பிய கடிகாரம்

அத்தியாயம் 6

மேசை மேல் இருந்த அட்டைப் பெட்டிக்குள் ஏதோ டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

நொறுக்கு வாயில் போட்ட கடலையை மெல்லாமல் நிறுத்தினான். "சித்தி, சினிமால இந்தச் சத்தம் கேட்டா எல்லாரும் ஜன்னல் வழியாக் குதிப்பாங்க. இங்க ஜன்னலே இல்லையே."

"வாசல் இருக்கு. முதல்ல கடலையை முழுங்கு," என்றார் சித்தி.

ஜன்னல் இல்லாதது உண்மைதான். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் ஃபேக்டரி. வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது என்று தடித்தடியாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஐஸ் போன பிறகும் குளிர் மட்டும் குடியிருந்தது. இப்போது அங்கே கூரை வரை இரும்பு ரேக்குகள். அவற்றில் சுவர்க் கடிகாரங்கள், பெட்டி பெட்டியாக. மரத்தை வட்டமாக அறுத்து, கையால் வண்ணம் தீட்டி, இணையத்தில் ஆர்டர் பிடித்து, இங்கேயே அடுக்கி, இங்கேயே கட்டி, இங்கிருந்தே கூரியரில் அனுப்பும் குடும்பத் தொழில்.

சித்தி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லுகிறவர்களைப் பிடிப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் போகவில்லை. போகாத பழக்கத்துக்கு ஒரு போர்டு மாட்டினால் அது துப்பறியும் நிலையம். நொறுக்கு அவருடைய அக்கா மகன். நல்ல வேலை கிடைக்கும் வரை என்று சொல்லி வந்து சேர்ந்தவன். தேடியதாக இதுவரை தகவல் இல்லை.

எதிரே நின்ற கடிகாரக்காரருக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பதைச் சித்தி வந்ததுமே கவனித்துவிட்டார்.

"இங்கேருந்து எந்தக் கடிகாரமும் ஓடிக்கிட்டுப் போகாது. பேட்டரியைத் தனியா ஒரு கவர்ல போட்டு அனுப்பணும். அது என் உத்தரவு," என்றார் கடிகாரக்காரர். "இது இன்னைக்குக் காலையில போற சரக்கோட இருந்துச்சு. யாரு கட்டினான்னு கேட்டா யாருக்கும் தெரியல."

"உத்தரவு எப்பப் போட்டீங்க?"

"என் மனைவி போனப்புறம். அவ இருந்த வரைக்கும் எல்லாம் ஓடிக்கிட்டேதான் போகும். வாங்கறவங்க பெட்டியைத் திறந்ததும் கடிகாரம் உயிரோட இருக்கணும்பா. அவ போயி ரெண்டாவது வருஷம் ஓடுது. ரேக்கு ரேக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு என்னால உட்கார முடியல."

பெட்டியின் மேல்மூடி, அதாவது விலாசம் ஒட்டிய பக்கம், ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. சித்தி எட்டிப் பார்த்தார். நான்கு மூலையிலும் பழுப்புக் காகிதத்தில் மடித்த கப்பல்கள், குழந்தைகள் மழைத் தண்ணீரில் விடுவது போல. ஆனால் நான்கும் கவிழ்ந்து கிடந்தன. நடுவில் கடிகாரம், அதுவும் குப்புற. முதுகுப் பக்கம் மட்டும் தெரிந்தது.

"கப்பல் அவ கண்டுபிடிச்சது," என்றார் கடிகாரக்காரர். "மூலைக்கு மூலை ஒண்ணு வெச்சா உள்ளே ஆடாதுன்னு சொல்லுவா. அவளுக்கு முன்னாடியும் யாரும் செஞ்சதில்ல, பின்னாடியும் செய்யல. இப்போ நாங்க தெர்மோகோல்தான் போடறோம். ஆனா கொஞ்ச நாளா கஸ்டமருங்க எழுதறாங்க. பழையபடி கப்பல் வெச்சு அனுப்பினதுக்கு நன்றின்னு. படமும் போடறாங்க. எல்லாப் படத்துலயும் கடிகாரம் இப்படித்தான் இருக்கு. முகத்தைத் திருப்பிக்கிட்டு."

கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நொறுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சித்தி பார்த்த பார்வையில் அதை மூடுவதற்காக இன்னொரு கடலையைப் போட்டுக்கொண்டான்.

"அன்னைக்கு மத்தியானம் நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னா," என்று கடிகாரக்காரர் தொடர்ந்தார். "இந்த லோடு போயிடட்டும், சாயங்காலம் டாக்டரைப் பார்க்கலாம்னு சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயி மிச்சப் பெட்டியைக் கட்டினா. அதுக்கப்புறம் நான் அவ முகத்தை உயிரோட பார்க்கல."

பெட்டி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடுவது ஒரே ஒரு கடிகாரம்தான். ஆனால் அந்தத் தடித்த சுவர்கள் ஒவ்வொன்றும் அதைத் திருப்பிச் சொல்லின. சுவரில் ஓர் ஆணியில் வெளிறிய ஏப்ரன் ஒன்று தொங்கியது. அதன் பையில் ஒரு கத்தரிக்கோல் இன்னும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை, எடுக்கத் துணியவுமில்லை.

"சாயங்காலம் லாரி வருது. சரக்கு பூராவும் ஒரு பெரிய கிடங்குக்குப் போகுது. அங்க அவங்களே அடுக்கி, கட்டி, அனுப்பிடுவாங்க. நான் இந்த இடத்தைப் பூட்டிடப் போறேன்."

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பூட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். உள்ளே அவ இருக்காளா இல்லையான்னு."

நொறுக்குக்கு முதுகுத்தண்டு சில்லென்றது. ஐஸ் ஃபேக்டரி மேல் பழியைப் போட்டுத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

* * *

ரேக்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே அவன் தன் கண்டுபிடிப்பை அவிழ்த்துவிட்டான்.

"சித்தி, கேஸ் முடிஞ்சுது. இங்க புதுச் சரக்கு வந்தா முன்னாடி அடுக்கறாங்க. பாருங்க, பின்னாடி வரிசைல தூசி எப்படி இருக்குன்னு. அந்தம்மா உயிரோட இருந்தப்போ கட்டி வெச்ச பெட்டிங்க பின்னாடி மாட்டிக்கிச்சு. முன்னாடி காலியாகக் காலியாக அது வெளிய வருது. எவனோ புது லேபிளை ஒட்டி அனுப்பறான். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. சோம்பேறித்தனம்."

"பரவாயில்லையே. மூளைக்குள்ளயும் கடலை போகுது போல."

"நன்றி."

"பெட்டிக்குள்ள அடிக்குதே, அது?"

நொறுக்கு நின்றான்.

"அந்தச் சின்ன பேட்டரி இத்தனை காலம் தாங்காது. தாங்கினாலும் கடைசிக் காலத்துல மூச்சு வாங்கும், நேரம் பின்தங்கும். நான் திருப்பிப் பார்த்தேன். நிமிஷம் பிசகல. நேத்தோ முந்தா நாளோ யாரோ பேட்டரி போட்டு, நேரம் வெச்சுக் கட்டியிருக்காங்க. கை இருக்கற ஆளுதான்."

"அப்போ சந்தேகமே வேண்டாம். டேப்பு."

டேப்பு என்பது அங்கே பெட்டி கட்டுகிறவரின் பட்டப்பெயர். டேப்பை இழுத்து ஒட்டும் சத்தத்தை வைத்தே அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். லாரி வந்தால் முதலில் வேலை போகிறவரும் அவர்தான்.

"முதலாளியைப் பயமுறுத்தினா இடத்தை மூட மாட்டாருன்னு ஒரு கணக்கு," என்றான் நொறுக்கு. "நான் அவர் வாயாலயே வரவைக்கறேன்."

அவன் வரவைத்ததெல்லாம் டேப்புவின் கோபத்தைத்தான். "தம்பி, அந்தம்மா ஏப்ரனைத் தாண்டிப் போகும்போதே நான் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் போவேன். நான் அவங்களை மாதிரி வேஷம் போடுவேனா? என்னைப் பார்த்தா அவ்வளவு தைரியசாலியாவா தெரியுது?"

"ஒரு கப்பல் செஞ்சு காட்டுங்க," என்றார் சித்தி.

டேப்பு முறைத்துக்கொண்டே ஒரு காகிதத்தை மடித்தார். சுமாரான கப்பல்தான். சித்தி ஒரு காலிப் பெட்டியை நீட்டினார். டேப்பு கப்பலை மூலையில் நிமிர்த்தி வைத்தார்.

"ஏன் நிமிர்த்தி வெச்சீங்க?"

"கப்பலை வேற எப்படி வைப்பாங்க? கவிழ்த்தா?"

"அதான் நானும் காலையிலேருந்து யோசிக்கறேன்," என்றார் சித்தி. "வேஷம் போடறவன் நிமிர்த்தித்தான் வைப்பான். கவிழ்த்து வெச்சவங்க வேஷம் போடல. அப்படித்தான் இருக்கும்னு நம்பி வெச்சிருக்காங்க."

நொறுக்கு டேப்புவைப் பார்த்தான். டேப்பு நொறுக்கைப் பார்த்தார். இருவருக்கும் ஒன்றும் புரியாததில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. நொறுக்கு கடலைப் பொட்டலத்தை நீட்டினான்.

* * *

கோடி மூலையில் ஒரு மேசை. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புகிற பெட்டிகள் அங்கேதான் வந்து சேரும். மேசைக்குப் பின்னால் கடிகாரக்காரரின் அம்மா. நிமிர்ந்த முதுகு, கையில் கட்டர், முகத்தில் உலகத்தின் மேல் பொதுவான ஒரு புகார். அருகில் ஒரு ஸ்டூல், அதன் மேல் எதையோ மூடி ஒரு துண்டு. நொறுக்கு பொட்டலத்தை அதன் மேல் வைக்கப் போனான்.

"அதுல வைக்காதே."

கை பாதியில் நின்றது. சித்தியின் கண் அந்தத் துண்டின் மேல் ஒரு கணம் தங்கிவிட்டுத் திரும்பியது.

அந்த அம்மா ஒரு பெட்டியை எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பக்க டேப்பைக் கட்டரால் ஒரே கீறலில் பிளந்தார்.

"பெரியம்மா, எல்லாரும் தலைப்பக்கம் திறப்பாங்க. நீங்க கால்பக்கம் திறக்கறீங்க," என்றான் நொறுக்கு.

"தலைல விலாசம் இருக்கு, கூரியர்காரன் முத்திரை இருக்கு. அதைக் கிழிச்சிட்டா, உடைச்சது நீயா நானான்னு அவன் சண்டைக்கு வருவான். இந்த மேசைக்கு வர்ற எதையும் நான் மேல திறந்ததில்ல. தொழில் ஆரம்பிச்ச நாள்லேருந்து."

உள்ளே தெர்மோகோல் நொறுங்கியிருந்தது. கடிகாரத்தின் விளிம்பு பிளந்திருந்தது. அந்த அம்மா அதை எடுத்து ஓரமாக வைத்தார். வைத்த விதத்தில் ஒரு வெறுப்பு இருந்தது.

"உங்க மருமக இதையெல்லாம் எப்படிக் கட்டுவாங்க?" என்று கேட்டார் சித்தி.

"எப்படிக் கட்டுவா? பேப்பரைத் தண்ணியா செலவழிப்பா. கப்பல் விடறதுக்கு இது என்ன குளமான்னு கேட்பேன். சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணு மடிப்பா. என்ன சொன்னாலும் காதுல வாங்கமாட்டா." கட்டர் அடுத்த பெட்டியில் இறங்கியது. "எனக்கும் அவளுக்கும் ஒத்துக்காதுன்னு ஊருக்கே தெரியும். போய்க் கேட்டுக்கோங்க."

சித்தி கேட்கப் போனது வேறொன்றை. கடிகாரக்காரரிடம் வந்தார்.

"கப்பல் வெச்சுப் போன பெட்டியெல்லாம் யாருக்குப் போச்சு? அவங்களுக்குள்ள ஏதாவது ஒத்துமை இருக்கா?"

கடிகாரக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எல்லாரும் முன்னாடி ஒரு தடவை உடைஞ்ச கடிகாரம் வாங்கினவங்க. திருப்பி அனுப்பினாங்க. அதுக்கு மாத்தா அனுப்பினதுதான் இது எல்லாம்."

"நொறுக்கு, அந்த டிக் டிக் பெட்டியைத் தூக்கிட்டு வா. டேப்பை ஒட்டி மூடு. அப்படியே தலைகீழாக் கவிழ்த்து வை."

"எதைத் தலைகீழா?"

"பெட்டியை. உன்னை இல்ல."

நொறுக்கு கவிழ்த்து வைத்தான். சித்தி அடிப்பக்கத்தைப் பிளந்து இரண்டு மடிப்புகளையும் விரித்தார்.

நான்கு கப்பல்களும் நிமிர்ந்து நின்றன. நடுவில் கடிகாரம் முகத்தைக் காட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரக்காரர் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"அவங்க உங்ககிட்டேருந்து முகத்தைத் திருப்பிக்கலைங்க," என்றார் சித்தி மெதுவாக. "இதைக் கட்டினவங்க உங்க மனைவியோட பெட்டியை ஆயிரம் தடவை பார்த்திருக்காங்க. ஆனா எப்பவும் அடிப்பக்கத்துலேருந்து. திறந்தா கடிகாரத்தோட முதுகு, கவிழ்ந்த கப்பல். அதுதான் அவங்க கண்ணுக்குப் பழகினது. அதையே அப்படியே அச்சுப் பிசகாம கட்டி, மூடின பக்கத்துல லேபிளை ஒட்டியிருக்காங்க. இந்தக் கட்டடத்துல பெட்டியை அடிப்பக்கமா மட்டும் பார்க்கற ஆள் ஒருத்தர்தான்."

எல்லோருடைய பார்வையும் கோடி மூலைக்குப் போனது. அங்கே கட்டரின் சத்தம் நின்றிருந்தது.

நொறுக்கு மூச்சுக்குள் சொன்னான். "மாமியாரா? சித்தி, இதுக்குப் பேயே பரவாயில்ல. பேயை நம்பியிருப்பாங்க."

* * *

"ஆமா, நான்தான்," என்றார் அந்த அம்மா. ஒளிக்கிற உத்தேசம் அவருக்கு இருந்ததாகவே தெரியவில்லை. "மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போவீங்க. அப்போ கட்டுவேன். அதுல என்ன?"

"அம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை..."

"என்னன்னு சொல்றது? அவளை வாய் ஓயாமத் திட்டினவ நான். இப்போ போயி அவ கட்டினதுதான் சரின்னு உன்கிட்ட வந்து நிக்கணுமா?" குரல் உரக்கத்தான் தொடங்கியது, போகப் போகத் தேய்ந்தது. "பிடிக்கலன்னு திரும்பி வந்திருக்கு. நிறம் வேறன்னு வந்திருக்கு. ஆனா அவ கட்டினது ஒண்ணுகூட உடைஞ்சு வந்ததில்லடா. அத்தனையும் இந்தக் கையால திறந்தவ நான், எனக்குத் தெரியாதா? நீங்க தெர்மோகோல் போட்டு அனுப்பறது பாதி பிளந்து வருது. ஒரு தடவை உடைஞ்சதை வாங்கினவங்களுக்கு ரெண்டாவதாவது முழுசாப் போகணும். அதுக்கு அவ மாதிரி கட்டினாத்தான் ஆகும். ஓடிக்கிட்டே அனுப்பணும்னு அவ சொல்வா. அனுப்பினேன்."

பயந்து பயந்து கடிகாரக்காரர் கழித்த ராத்திரிகளெல்லாம் எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. பேய் போய்விட்டால் அவளும் போய்விட்டாள் என்றுதான் அர்த்தம். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சித்தி மட்டும் இன்னும் முடிக்கவில்லை.

"வர்ற பெட்டியெல்லாம் உடனுக்குடனே திறந்துடறீங்க. ஸ்டூல் மேல இருக்கறதை மட்டும் துண்டு போட்டு மூடி வெச்சிருக்கீங்க. அதை ஏன் திறக்கல?"

அந்த அம்மா கட்டரை இடது கைக்கு மாற்றினார். பிறகு துண்டை எடுத்தார். கீழே ஓர் அட்டைப் பெட்டி. டேப் மஞ்சளித்திருந்தது. ஆள் இல்லை என்று கூரியர்காரர் குத்திய முத்திரை அதன் தலையில் இருந்தது.

"அன்னைக்குக் கடைசி லோடுல போனது. விலாசத்துல ஆள் இல்லன்னு சுத்திட்டுத் திரும்பி வந்துச்சு. வந்தப்போ அவ இல்ல." அவர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இதையும் திறந்துட்டா, அவ கட்டினதுன்னு ஒண்ணும் இருக்காதேடா."

வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. லாரி வந்துவிட்டது. டேப்பு வாசல் பக்கம் போனார்.

கடிகாரக்காரர் பெட்டியைத் தூக்கினார். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்தி மேசை மேல் வைத்தார். காதை வைத்துக் கேட்டார். உள்ளே சத்தம் இல்லை.

"திறந்துடலாம்மா," என்றார்.

அந்த அம்மா தலையாட்டினார். கை பழக்கத்தில் பெட்டியைக் கவிழ்க்கப் போனது. சித்தி அந்தக் கையை மெல்லப் பிடித்தார்.

"இதை மட்டும் மேலேருந்து திறங்க."

கட்டர் அம்மாவின் கையிலிருந்து மகனின் கைக்குப் போனது. அவர் முத்திரையை ஒட்டிக் கீறி, மடிப்புகளை விரித்தார்.

பழுப்புக் காகிதக் கப்பல்கள் நான்கும் நிமிர்ந்து நின்றன. நடுவில் நீல வண்ணக் கடிகாரம், நேராக அவரைப் பார்த்தபடி. முட்கள் எப்போதோ நின்றுபோயிருந்தன.

"அவ முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தானே போனா," என்றார் கடிகாரக்காரர். யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை.

"போனாங்க," என்றார் சித்தி. "போயி இதைக் கட்டினாங்க."

டேப்பு வந்து எட்டிப் பார்த்தார். "லாரிக்காரர் ஏத்தலாமான்னு கேக்கறார்."

"அவரைப் போகச் சொல்லு."

"இன்னைக்கு வேண்டாம்னு சொல்லவா?"

"போகச் சொல்லு. ஒரு பேட்டரி எடுத்துட்டு வா."

டேப்பு இரண்டையும் செய்தார். கடிகாரக்காரர் கடிகாரத்தை வெளியே எடுக்காமல், விளிம்பை மட்டும் தூக்கிப் பேட்டரியை மாற்றினார். முள் ஒரு தரம் தயங்கியது. பிறகு நின்ற இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அவர் நேரத்தைத் திருத்தவில்லை. சுவர்கள் அந்தச் சத்தத்தைத் திருப்பிச் சொல்லின. இந்த முறை அவர் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

நொறுக்கு கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். அவன் வாழ்க்கையில் பாதிப் பொட்டலம் மிச்சமிருக்கும்போது அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

அந்த அம்மா பெட்டிக்குள் குனிந்தார். ஒரு கப்பலை விரலால் தொட்டார். அது ஆடவில்லை. நான்கு கப்பலையும் நடுவில் ஓடுகிற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்படியாடா இருக்கும்?" என்றார் மகனிடம். "இத்தனை வருஷமா நான் அடியைத்தானே பார்த்தேன். அவ இருந்தப்போ இதை ஒரு தடவை மேலேருந்து பார்த்திருக்கலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்துச் சொன்னார். "நல்லாத்தான் கட்டியிருக்கே."